கடைசி ஓவருக்கு வெளியே போகிறவர்

திண்டிவனம் நூலகத்துப் புத்தகம் ஒன்று எங்கள் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது. கடைசிப் பக்கங்களுக்கு முன்னால் அதில் ஒரு பழைய பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது. செருகியவர் இப்போது இல்லை. டிக்கெட்டுக்குப் பிறகு உள்ள பக்கங்களை நான்தான் படிக்கவேண்டும். அது எங்கள் வீட்டு ஏற்பாடு. இன்னும் படிக்கவில்லை.

அவர் என் வீட்டுக்காரர். பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. எழுதவும் கை வரவில்லை. அவர் என்றே எழுதுகிறேன்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் ஓடும் பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தார். வேலையில் இருந்தவரை சனி, ஞாயிறு என்று எதுவும் அவருக்குக் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகுதான் சனியும் ஞாயிறும் வந்தன. வாரத்தின் மற்ற ஐந்து நாளும் அந்த இரண்டு நாளுக்காகக் காத்திருப்பதுபோல இருப்பார். சனிக்கிழமை காலையில் நூலகம். ஞாயிறு காலையில் மாதா கோயிலில் முதல் பூசை, பிறகு கறிக்கடை. சாப்பிட்ட பிறகு டிவியில் கிரிக்கெட். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவள் வந்தால் கறி இன்னும் அரைக்கிலோ கூடும். மற்றபடி எல்லா வாரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிர். ஆட்டம் தொடங்குவதற்கு அரைமணி முன்பே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பந்து போடுகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் இங்கிருந்தே யோசனை சொல்வார்.

“டேய், அவனுக்கு ஷார்ட்டா போடாதடா. தூக்கி அடிச்சிக்கினே இருக்கான் பாரு. அந்தப் பக்கம் ஆள நிறுத்துடா.”

“யப்பா, அவனுக்குக் கேக்கப்போவுதா?” என்பாள் மகள்.

“கேட்டா தேவலையே. கேக்க மாட்டேன்றான்.”

சிக்ஸர் போனால் பழைய கண்டக்டர் விசிலை எடுத்து இரண்டு தடவை ஊதுவார். பஸ் கிளம்பலாம் என்பதற்கு ஊதுகிற அதே இரண்டு. தெருவில் போகிற ஆட்டோக்காரர் ஒருமுறை வண்டியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவும் கடைசி ஓவர் வரைக்கும்தான். ஆட்டம் இழுபறியாக வந்து கடைசி ஓவர் என்றதும் எழுந்துவிடுவார். முகம் வேறுமாதிரி ஆகிவிடும்.

“நான் வெளிய இருக்கேன். நீ பாரு.”

கொல்லைப்பக்கம் போய், துவைக்கிற கல்லின்மேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். டிவியில் சத்தத்தை நிறுத்திவிடவேண்டும். பக்கத்து வீடுகளில் கூச்சல் போட்டாலோ வெடி வெடித்தாலோ முடிவு தெரிந்துவிடும் என்று துண்டைக் காதைச் சுற்றி முண்டாசுபோலக் கட்டிக்கொள்வார். எத்தனையோ நாள் ஆடிய ஆட்டத்தை, எத்தனையோ மணிநேரம் கத்திப் பார்த்த ஆட்டத்தை, முடிகிற இடத்தில் அவரால் பார்க்க முடியாது. நான்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

எனக்குக் கிரிக்கெட் தெரியாது. திரையின் கீழே இரண்டு எண்கள் வரும். எத்தனை ரன் வேண்டும், எத்தனை பந்து இருக்கிறது. நம்மவர்கள் அடித்தால் முதல் எண் தீரவேண்டும். எதிராளி அடித்தால் இரண்டாவது எண் தீரவேண்டும். என் ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அது போதுமாக இருந்தது. சத்தம் இல்லாத டிவிமுன் நான் தனியாக உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே அவர் கல்லின்மேல் இருப்பார்.

டிவி வாங்கிய வருஷத்தில் முதல்முறை இப்படி நடந்தது. அன்று தோற்றுப்போனார்கள். நான் கொல்லைக்கதவுக்குப் போனதும் அவர் கேட்டார்:

“உள்ள வரலாமா?”

தோத்துப்போச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே தோற்கடித்ததுபோல இருந்தது. “டீ போடட்டுமா?” என்றேன்.

எங்கள் வீட்டில் காலையும் மாலையும் காபிதான். டீத்தூள் வருகிறவர்களுக்காக வாங்கி வைத்திருப்பது. அவர் காதிலிருந்து துண்டை அவிழ்த்தார். பிறகு, “போடு” என்றார். உள்ளே வந்து குடித்தார். ஆட்டத்தைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதுமுதல் அப்படியே நடந்தது. ஆட்டம் முடிந்து நான் கொல்லைக்கதவுக்குப் போனதும், “உள்ள வரலாமா?” என்பார். ஜெயித்திருந்தால் நான் “வாங்க” என்பேன். துள்ளிக்கொண்டு வந்து அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவதையெல்லாம் பார்ப்பார், கடைசி ஓவர் உட்பட. முடிவு தெரிந்த பிறகு அவருக்குப் பயமில்லை. தோற்றிருந்தால் “டீ போடட்டுமா” என்பேன். அவ்வளவுதான். வேறு பேச்சுக் கிடையாது.

இன்னொரு விதியும் இருந்தது. முடியும்முன் சொல்லக்கூடாது. ஒருமுறை இரண்டு பந்து மிச்சம் இருக்கும்போது, ஜெயித்துவிடும்போல இருக்கிறது என்று கொல்லைக்கதவில் நின்று சொல்லிவிட்டேன். அவர் ஆசையாக எழுந்து வந்தார். அந்த இரண்டு பந்தில் தோற்றார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. “நடுவுல சொல்லாத. முடிஞ்சாத்தான் வரணும், முடிஞ்சாத்தான் சொல்லணும்” என்றார். பிறகு ஒருநாளும் நான் நடுவில் சொன்னதில்லை.

மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோதே இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் பையை இறக்கிவைக்காமலே அவர் எதிரில் வந்து நின்றாள்.

“யப்பா, டீ குடிக்கிறியா?”

“எத்தினி மார்க்கு?”

“இருவத்தேழு.”

“உங்கம்மாவ ரெண்டு கிளாஸா போடச் சொல்லு.”

புத்தகத்திலும் அப்படித்தான். பஸ்ஸில் கீழே கிடக்கும் டிக்கெட்டுகளில் மடங்காதவற்றை எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார். கதைப்புத்தகம் ஒன்றைச் சனிக்கிழமை கொண்டுவந்தால் இரண்டு மூன்று நாளில் முக்கால்வாசி போய்விடும். கடைசிப் பத்துப் பக்கம் வந்ததும் டிக்கெட்டைச் செருகி என்னிடம் நீட்டுவார்.

“இதுக்கு மேல உன்னுது.”

நான் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பேன். பத்துப் பக்கத்துக்கு ஒரு பகல் ஆகும். அவர் அடுப்படி வாசலில் வந்து வந்து போவார்.

“இன்னாச்சி? அந்தப் பொண்ணு இருக்குதா?”

“இருங்க. இன்னும் நாலு பக்கம் இருக்குது.”

“நடுவுல சொல்லாத. முடி.”

நல்லபடியாக முடிந்திருந்தால் “வாங்க” என்று புத்தகத்தை நீட்டுவேன். வாங்கி அந்தப் பத்துப் பக்கத்தையும் படிப்பார். இல்லையென்றால் டீ. புத்தகம் அப்படியே நூலகத்துக்குப் போய்விடும். நூலகத்து அம்மா, “புக்கு எப்பிடிங்கய்யா இருந்தது?” என்று கேட்டால், “பத்துப் பக்கம் கொறையா நல்லாருந்ததும்மா” என்பார்.

இப்படிப் படித்துத்தான் எனக்கு வாசிப்பு வந்தது. எத்தனையோ கதைகளின் கடைசிப் பத்துப் பக்கம் எனக்குத் தெரியும். யார் அழுதார்கள் என்று தெரியும். எதற்கு அழுதார்கள் என்று தெரியாது.

கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கியதும் பக்கவாசல் வழியாக வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். கடைசி ஆசீர்வாதத்துக்கு இருக்கமாட்டார். “எனக்கும் சேத்து வாங்கிக்கினு வா” என்பார். பெரிய வெள்ளியன்று பாடுகளை வாசிக்கும்போது ஆண்டவரைச் சிலுவையில் அறைகிற இடம் வருமுன்பே எழுந்துவிடுவார். பங்குச்சாமியார் ஒருமுறை அவரை மரத்தடியில் பிடித்துக்கொண்டார்.

“ஏங்கய்யா, வருசா வருசம் இதே கதைதானே? முடிவுதான் உங்களுக்குத் தெரியுமே. மூணாம் நாள் எழுந்திருச்சிடுவாரே. அப்புறம் இன்னாத்துக்கு வெளிய ஓடறீங்க?”

“தெரிஞ்சா மட்டும் பாக்க முடிஞ்சிடுமா பாதர்?” என்றார் அவர். “நீங்க படிங்க. இவ கேட்டுட்டு வந்து சொல்லுவா.”

பாதர் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலுபேர் பார்த்தால் எனக்கு அப்படித்தான்.

மாமியார் எங்கள் வீட்டில்தான் இறந்தார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கியதும் அவர் கொல்லைக்குப் போய்விட்டார். நான் உள்ளே உட்கார்ந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை முதலில் கனமாக இருந்தது, பிறகு ஒன்றுமில்லை. அழுகைச் சத்தம் எழுந்தும் அவர் அசையவில்லை. காதில் துண்டு கட்டியிருந்தது. நான் கொல்லைக்கதவுக்குப் போனேன். “உள்ள வரலாமா?” என்றார். “டீ போடட்டுமா?” என்றேன்.

பின்னால் வந்த நாத்தனாருக்கு அது காதில் விழுந்துவிட்டது.

“அடிப்பாவி! பெத்த தாயி அங்க கெடக்குறா, இவ டீ போடறாளாமே டீ!”

அவர் துண்டை அவிழ்த்தபடியே எழுந்தார். “அவ டீ போடல. சேதி சொல்றா” என்றார். நாத்தனாருக்கு விளங்கவில்லை. சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். நான் ஈரமில்லாதவள் என்று இன்றைக்கும் சிலர் நினைக்கிறார்கள். நான் யாரிடமும் விளக்கியதில்லை.

மகளுக்குப் பிரசவமானபோதும் நான்தான் உள்ளே இருந்தேன். அன்று “வாங்க” என்றேன். எல்லாமே டீ இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கு மூச்சிழுப்பு வந்தது. மாடிப்படி ஏறினால் நிற்கவேண்டும். பிறகு தெருவில் நடந்தாலே நிற்கவேண்டும். விசில் ஊத மூச்சு இல்லை. சிக்ஸர் போனால் விசிலை மகளிடம் நீட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றைப் பிசைந்தபடியே என்னிடம் சொன்னார்:

“எனக்குன்னு ஒருநாள் வந்தா நீ உள்ள இருக்கணும்மே. அன்னிக்கி மட்டும் என்னால வெளிய போவ முடியாது. நீ பக்கத்துல இருந்தேன்னா நான் கண்ண மூடிக்குவேன். நீ பாத்துக்குவ.”

“இன்னாப்பா, துன்ற நேரத்துல பேசற பேச்சா இது?” என்றாள் மகள்.

“உன்னால முடியாது. நீ என்ன மாதிரி. உங்கம்மாவாலதான் முடியும்.” என்னைப் பார்த்தார். “இன்னா? இருப்பியா?”

“இருக்கேன்” என்றேன். எலும்பை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அவருக்கு எலும்பு பிடிக்கும்.

இழுப்பு முற்றியதும் அவரை விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகள் வீட்டிலிருந்து பக்கம். புதன்கிழமை சேர்த்தது. படிக்கப் புத்தகம் கேட்டார். வீட்டிலிருந்த நூலகத்துப் புத்தகத்தை மருமகன் போய் எடுத்துவந்தார். சனிக்கிழமைக்குள் டிக்கெட்டைச் செருகிவிட்டு என்னிடம் கொடுத்தார். “வீட்டுக்குப் போய்ப் படிக்கிறேன்” என்று பைக்குள் வைத்துக்கொண்டேன். ஐந்து நாளில் அந்த அறையைவிட்டு நான் போனது இரண்டே இரண்டு தடவைதான். ஞாயிறு காலை பூசைக்கு ஒருமுறை, எனக்கும் சேத்து வாங்கிக்கினு வா என்று அவரே அனுப்பியது. கடைசி ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு ஓட்டமாக வந்தேன். அவர் விழித்திருந்தார். நெற்றியில் சிலுவை போட்டேன்.

அன்று இந்தியா நமக்கு முன்னால் பொழுது விடிகிற ஒரு நாட்டில் ஆடியது. அதனால் நமக்கு மத்தியானத்திலேயே முடிகிற ஆட்டம். மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்து ரன் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சுக்கு முகமூடி மாட்டியிருந்தார்கள். கடைசி ஓவர் வரப்போகிறது என்றதும் கையைத் தூக்கி, நிறுத்து என்று காட்டினார். முகமூடியை விலக்கினார்.

“போதும். இனிமே உங்கம்மா பாக்கட்டும்.”

“நானே போன்ல பாத்துச் சொல்றேன்பா.”

“உனக்கு மூஞ்சிலயே தெரிஞ்சிடும். அவ போவட்டும். எதுத்தாப்புல டீக்கடையில டிவி இருக்குதுன்னியே.”

நான் எழுந்திருக்கவில்லை. “நான் போவலைங்க. உள்ளதான் இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“அதுக்கு இன்னும் ஓவர் இருக்குதுமே. போய்க்கினு வா. முடிஞ்சப்பறம் வா, நடுவுல வராத.”

போனேன். அவசரத்தில் என் போனைப் பையிலேயே விட்டுவிட்டேன். பை கட்டிலுக்கு அடியில் இருந்தது.

டீக்கடையில் பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். நான் ஓரமாகத் தூணை ஒட்டி நின்றேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அப்படி ஓர் இடத்தில் என் வயசுக்கு நான் நின்றதே இல்லை.

“இன்னா ஆயா, வழி வேணுமா?”

“இல்லப்பா. மேட்ச்சு.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். “ஆயா கிரிக்கெட் பாக்குதுடா! உக்காரு ஆயா. நீ எந்த டீமு?”

“எங்க வீட்டுக்காரருக்குப் பாக்கறேன்.”

“ஏன், அவருக்குக் கண்ணு தெரியாதா?”

“தெரியும்.”

அவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. நான் உட்காரவில்லை. எண்களைப் பார்த்தேன். ஆறு பந்து, ஒன்பது ரன். நம்மவர்கள் அடித்தார்கள். முதல் எண் குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் பந்துக்கு இரண்டு வேண்டும். ஒன்றுதான் ஓடினார்கள். கடையில் எல்லாரும் கத்தினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“முடிஞ்சிதாப்பா?” என்றேன் ஸ்டூல் போட்டவரிடம்.

“எங்க முடிஞ்சிது? ரெண்டு பேரும் ஒரே ரன்னு ஆயா. சூப்பர் ஓவர் ஆடுவாங்க. அதுல யார் ஜெயிக்கிறாங்களோ அவங்கதான்.”

“எவ்ளோ நேரம் ஆவும்?”

“ஒரு கால்மணி நேரம் ஆவும். இரு, டீ சொல்லட்டுமா?”

“வேணாம்பா” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

ஆஸ்பத்திரி எதிரில்தான் இருந்தது. சாலையைக் கடந்து, படியேறிப் போய், இன்னும் முடியவில்லையாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவர் படுத்திருந்த அறையின் ஜன்னலும் அங்கிருந்து தெரிந்தது. ஆனால் முடியாமல் வரக்கூடாது, முடியாமல் சொல்லக்கூடாது. நின்றேன். விளம்பரம் போட்டார்கள். சோப்பு, சிமெண்ட், மறுபடியும் சோப்பு. பிறகு ஆடினார்கள். நாம் ஓர் ஓவர், அவர்கள் ஓர் ஓவர். அவர்கள் கடைசியில் தூக்கி அடித்த பந்தை நம்மவர் ஒருவர் ஓடிப் பிடித்துவிட்டார். கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

“இப்ப முடிஞ்சிது ஆயா! ஜெயிச்சாச்சி! போய் உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு!”

வேகமாகச் சாலையைக் கடந்தேன். ஒரு பஸ் எனக்காக நின்றது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ். படி ஏறும்போது “வாங்க, வாங்க” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினேன். இவ்வளவு இழுத்துப்போய் ஜெயித்த ஆட்டத்தை நான் அவருக்காகப் பார்த்ததே இல்லை. சூப்பர் ஓவர் என்ற பெயரை மறக்காமல் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அறைக்கதவு சாத்தியிருந்தது. மகள் வெளியே நின்றாள். சுவரைப் பார்த்து நின்றாள். முந்தானையை இரண்டு காதோடும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. தோளைத் தொட்டேன். திரும்பவில்லை. கதவைப் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாகப் பேசுவது கேட்டது. அது அவர் குரல் இல்லை.

இத்தனை வருஷத்தில் இதைக் கேட்கவேண்டிய இடத்தில் நான் இருந்ததில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

“உள்ள வரலாமா?”

அவள் சுவரைப் பார்த்தபடியே முந்தானையைக் காதிலிருந்து எடுத்தாள்.

“டீ குடிக்கிறியாம்மா?” என்றாள்.

எனக்குக் காபி போதும் என்றேன்.